தொடக்கப் பள்ளியில் வட்டு இல்லாக் கணினிகள்: ஒரே லினக்ஸ் சர்வரிலிருந்து கற்றல் மென்பொருள்களை இயக்குவதற்கான முழுமையான வழிகாட்டி

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் இருபது பழைய கணினிகளும் ஒரு நல்ல கணினியும் இருந்தால், ஒழுங்கான கணினி அறை ஒன்றை அமைத்துவிடலாம். இருபதிலும் தனித்தனியாக லினக்ஸ் நிறுவி, இருபதையும் தனித்தனியாகப் பழுது பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நல்ல கணினியைச் சர்வராக்கி, மற்றவை ஒவ்வொரு முறையும் வலை வழியாக அதிலிருந்தே இயங்கத் தொடங்கும்படி செய்வதுதான் எல்டிஎஸ்பி எனப்படும் லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டத்தின் வழி. 1999-இல் ஜிம் மெக்வில்லன் தொடங்கிய இத்திட்டம், 2019-இல் கிரேக்கத்தைச் சேர்ந்த ஆல்கிஸ் ஜியார்ஜோபுலோஸின் கையால் முழுவதுமாகத் திருத்தி எழுதப்பட்டது. இந்த வழிகாட்டி அந்தப் புதிய எல்டிஎஸ்பியையே பின்பற்றுகிறது. பழைய பதிப்புக்காக எழுதப்பட்ட குறிப்புகளை இதனுடன் கலந்து படித்தால் குழப்பமே மிஞ்சும். கட்டளைகளும் கோப்புகளின் பெயர்களும் பெரும்பாலும் மாறிவிட்டன.

முதலில் தீர்மானிக்க வேண்டியது: மென்பொருள் எங்கே ஓட வேண்டும்?

நிறுவலைத் தொடங்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். பழைய முறையில் மாணவர் முன்னால் இருந்த கணினி வெறும் திரையாகவும் விசைப்பலகையாகவும் மட்டுமே இருந்தது. மென்பொருள் அனைத்தும் சர்வரில் ஓடி, படம் மட்டும் வலை வழியாக வந்தது. ‘தின் கிளையன்ட்’ என்ற சொல்லின் சரியான பொருள் இதுதான். அந்நாளில் சர்வருக்கு வேண்டிய ரேமைக் கணக்கிட 256 எம்பியுடன் ஒரு பயனருக்கு 192 எம்பி வீதம் கூட்ட வேண்டும் என்றொரு சூத்திரம் வழங்கியது. இருபது பேருக்கு 4 ஜிபி போதும் என்று அது சொன்னது. எழுத்துப் பணிகளுக்கும் எளிய வலைப்பக்கங்களுக்கும் அது பொருந்தியது. தொடக்கப் பள்ளிக்குப் பொருந்தவில்லை.

காரணம் எளிய கணக்கில் விளங்கும். 1024-க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில், ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வீதம், ஒரு முழுப் படம் ஏறத்தாழ 2.4 எம்பி ஆகிறது. குழந்தைகளுக்கான ஜிகாம்ப்ரி போன்ற அசைவுப்படம் நிறைந்த மென்பொருள் நொடிக்குப் பதினைந்து படங்களே வரைந்தாலும், சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 35 எம்பி, அதாவது 280 மெகாபிட்டுக்கும் மேல் ஆகிவிடும். 100 மெகாபிட் கேபிள் ஒரு நொடியில் சுமார் 12 எம்பியையே கடத்தும் என்பதால், ஒரே ஒரு குழந்தைக்கே அது போதாது. இருபது பேரும் ஒன்றாகத் திறந்தால் சர்வரின் கேபிளில் 5 ஜிகாபிட்டுக்கு மேல் போக வேண்டியிருக்கும். சிறு குழந்தைகளுக்கான மென்பொருள் பெரும்பாலும் படமும் ஒலியும் அசைவுமாகவே இருக்கிறது. மேல்வகுப்பு மாணவரின் எழுத்துப் பணியைவிட ஆறு வயதுக் குழந்தையின் விளையாட்டே வலைக்குப் பாரமானது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே இங்கே பரிந்துரைப்பது வட்டு இல்லாக் கணினி முறை. இயங்குதளமும் மென்பொருள்களும் சர்வரில் ஒரே படிமக் கோப்பாக இருக்கும். கிளையன்ட், அதாவது மாணவர் முன்னால் இருக்கும் கணினி, அதைப் படித்துத் தன் சொந்தச் செயலியிலும் ரேமிலும் ஓட்டிக்கொள்ளும். சர்வர் செய்வது ஒரு பொது வன்வட்டின் வேலை மட்டுமே. புதிய எல்டிஎஸ்பி இந்த முறையையே தன் அடிப்படையாகக் கொண்டுள்ளது. படிமம் படிக்க மட்டுமே திறந்திருப்பதால், இயங்குதளத்தில் குழந்தை எதை அழித்தாலும் மாற்றினாலும் அந்த மாற்றம் ரேமில்தான் பதியும்; கணினியை அணைத்து ஏற்றினால் பழையபடி வந்துவிடும். ஆசிரியருக்கு இதனால் கிடைக்கும் மன நிம்மதிக்காகவே இந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

512 எம்பி ரேம் உள்ள, உண்மையிலேயே திரை மட்டுமான பெட்டிகள் பள்ளியில் இருந்தால் அவற்றைத் தொலைத்திரை மென்பொருள் வழியாகத் தட்டச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றை இந்த அமைப்பில் சேர்க்க முயன்று நாள்களை வீணாக்க வேண்டாம்.

வன்பொருளும் வலையும்

சர்வர் பெரிய இயந்திரமாக இருக்க வேண்டியதில்லை. மென்பொருள் கிளையன்டில் ஓடுவதால் 8 ஜிபி ரேம் உள்ள மேசைக் கணினியே இருபது பேருக்குப் போதும். ஆனால் எஸ்எஸ்டியும் ஜிகாபிட் வலை அட்டையும் கட்டாயம் வேண்டும். கிளையன்டுகளுக்கு 64 பிட் செயலியும் குறைந்தது 2 ஜிபி ரேமும் தேவை. உலாவியையோ, நிரல் எழுதப் பழக்கும் ஸ்கிராட்ச் 3-ஐயோ பயன்படுத்த எண்ணினால் 4 ஜிபி வேண்டும். வட்டு இல்லாத கணினியில் ரேம் நிரம்பினால் சாய்ந்துகொள்ள வேறு இடமில்லை. திரை அப்படியே உறைந்துவிடும். பழைய கணினிகளுக்குச் செலவிட ஓரளவு பணம் கிடைத்தால் முதலில் ரேமுக்குச் செலவிடுங்கள்.

வலைதான் இந்த அமைப்பின் உயிர்நாடி. ஒரு கிளையன்ட் இயங்கத் தொடங்கி முகப்புத்திரை வரும்வரை 300 எம்பி படிக்கிறது என்று வைத்துக்கொண்டால், இருபதும் சேர்ந்து 6 ஜிபி ஆகும். சர்வர் 100 மெகாபிட் ஸ்விட்சில் இருந்தால் இதற்கு எட்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். ஜிகாபிட்டில் ஒரு நிமிடத்துக்குள் முடியும். நாற்பது நிமிடப் பாடவேளையில் எட்டு நிமிடம் போனால் குழந்தைகள் கலைந்துவிடுவார்கள். எனவே ஸ்விட்சும், சர்வரிலிருந்து அதற்குப் போகும் கேபிளும் ஜிகாபிட் தரத்தில் இருக்க வேண்டும். கிளையன்டுகளைக் கேபிளில்தான் இணைக்க வேண்டும். வைஃபை இதற்கு உதவாது.

இங்கே ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் ஒரு பள்ளியில் இரண்டு நாள் இதைத் தேடிக் களைத்துப் போயிருக்கிறேன். பதினெட்டு கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மிகப் பழையது ஒன்றைப் புதிதாக இணைத்ததும் எல்லாமே ஊரத் தொடங்கின. அந்தப் பழைய கணினியின் வலை அட்டை 100 மெகாபிட் வகையைச் சேர்ந்தது. சர்வர் ஜிகாபிட் வேகத்தில் அனுப்புவதை அதனால் வாங்கிக்கொள்ள முடியாதபோது, ஸ்விட்ச் தன் இடையகம் நிரம்பியதும் ‘சற்று நிறுத்து’ என்று சர்வருக்குச் சைகை காட்டுகிறது. சர்வர் அந்த ஒரு கணினிக்கு மட்டுமன்றி அனைவருக்கும் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. ஃப்ளோ கன்ட்ரோல் எனப்படும் இந்த வசதியை அணைத்ததும் அறை பழைய வேகத்துக்குத் திரும்பியது. எல்டிஎஸ்பியுடன் ஈத்டூல் என்ற பொதியையும் சேர்த்து நிறுவச் சொல்வது இதற்காகத்தான். அமைப்புகளை மாற்ற இடம்தரும் ஸ்விட்சாக இருந்தால் அதிலும் இந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

மின்தடை அடிக்கடி வரும் ஊராக இருந்தால் சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் ஒரு யுபிஎஸ் அவசியம். கிளையன்டுகளில் கெடுவதற்கு வட்டு இல்லை என்பதால் அவற்றுக்கு யுபிஎஸ் இல்லாவிட்டாலும் இழப்பு, சேமிக்காத ஓவியம் ஒன்றோடு முடிந்துவிடும்.

சர்வரை நிறுவுதல்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை, மாட்டே அல்லது எக்ஸ்எஃப்சிஇ முகப்புடன் சர்வரில் நிறுவுங்கள். இரண்டும் பழைய கணினிகளில் இலகுவாக ஓடுபவை. சர்வரில் நீங்கள் நிறுவும் இந்த இயங்குதளமே கிளையன்டுகளுக்கும் அச்சாகப் போகிறது. குழந்தைகளுக்கு வேண்டிய எழுத்துரு, மொழி, மென்பொருள், பின்னணிப் படம் எல்லாவற்றையும் இங்கேயே ஒழுங்குசெய்து, சர்வரின் திரையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகுதான் படிமம் எடுக்க வேண்டும். சர்வரும் கிளையன்டும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று விரும்புவோர் ஒரு மெய்நிகர் கணினியிலிருந்தும் படிமம் எடுக்கலாம்; முதல் முறை செய்பவர்களுக்கு அது தேவையில்லை.

டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக நிறுவ வேண்டிய பொதிகள்: எல்டிஎஸ்பி, டிஎன்எஸ்மாஸ்க், என்எஃப்எஸ் கெர்னல் சர்வர், ஓபன்எஸ்எஸ்எச் சர்வர், ஸ்குவாஷ்எஃப்எஸ் டூல்ஸ், ஈத்டூல், ஆசிரியர் எல்லாக் கணினிகளையும் மேற்பார்வையிட உதவும் எபோப்டிஸ். ஆசிரியரின் பயனர் கணக்கை எபோப்டிஸ் என்ற குழுவில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து ஐந்து கட்டளைகளை ரூட் உரிமையுடன் வரிசையாக இயக்க வேண்டும். ‘எல்டிஎஸ்பி டிஎன்எஸ்மாஸ்க்’ என்பது கிளையன்டுகளுக்கு எங்கிருந்து இயங்கத் தொடங்க வேண்டும் என்று வழிகாட்டும் சேவையை அமைக்கிறது. பள்ளியில் ஏற்கெனவே ஒரு ரவுட்டர் ஐபி முகவரிகளை வழங்கிக்கொண்டிருந்தால் அது தன் வேலையைத் தொடரும். சர்வர் தொடக்க விவரத்தை மட்டும் கூடச் சொல்லும். சர்வரில் இரண்டாவது வலை அட்டை பொருத்தி, 192.168.67.1 என்ற முகவரியைக் கொடுத்து, கணினி அறையைத் தனி வலையாகப் பிரித்துவிடுவது இன்னும் நல்லது. தலைமையாசிரியர் அறையில் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளப் பதிவேற்றம் நடக்கும் கணினியும் இருபது குழந்தைகளின் போக்குவரத்தும் ஒரே வலையில் மோதிக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

இரண்டாவது கட்டளை, ‘எல்டிஎஸ்பி இமேஜ்’ என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு ஒரு சாய்கோடு. சாய்கோடு சர்வரின் முழுக் கோப்புமுறையையும் குறிக்கிறது. அதைச் சுருக்கி ஸ்குவாஷ்எஃப்எஸ் படிமமாக மாற்ற கணினியின் வேகத்தைப் பொறுத்துச் சில நிமிடங்கள் ஆகும். தொடர்ந்து ‘எல்டிஎஸ்பி ஐபிஎக்ஸ்இ’ தொடக்கப் பட்டியலையும், ‘எல்டிஎஸ்பி என்எஃப்எஸ்’ படிமத்தைப் பகிரும் வழியையும், ‘எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி’ கிளையன்டுகளுக்கான அமைப்புகளின் தொகுப்பையும் உருவாக்கும்.

இந்த ஐந்தில் எதை எப்போது மீண்டும் இயக்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மென்பொருளை நிறுவினாலோ புதுப்பித்தாலோ ‘இமேஜ்’. புதிய பயனரைச் சேர்த்தாலோ அமைப்புக் கோப்பைத் திருத்தினாலோ ‘இனிட்ஆர்டி’. பயனரைச் சர்வரில் சேர்த்துவிட்டு இனிட்ஆர்டியை மறந்துபோனால், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைய முடியாமல் குழந்தை திகைத்து நிற்கும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் எதையும் இயக்க வேண்டியதில்லை. கிளையன்ட் அதை ஒவ்வொரு முறையும் சர்வரிடமே கேட்டுச் சரிபார்க்கிறது.

கிளையன்டுகளின் பயாஸில் வலைவழித் தொடக்கத்தை, அதாவது பிஎக்ஸ்இ என்பதை, முதல் தேர்வாக வையுங்கள். பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ உள்ள கணினிகளில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். பிஎக்ஸ்இ இல்லாத பழைய கணினியை ஐபிஎக்ஸ்இ ஏற்றிய ஒரு சிறிய பென்டிரைவால் தொடங்கலாம்.

பயனர் கணக்குகள்

முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளைப் பெயரும் கடவுச்சொல்லும் தட்டச்சு செய்யச் சொன்னால் பாடவேளை அதிலேயே கரைந்துவிடும். அமைப்புக் கோப்பான எல்டிஎஸ்பி.கான்ஃபில் ஒவ்வொரு கணினியின் மேக் முகவரிக்கும் (வலை அட்டையின் தனி அடையாள எண்) ஒரு பகுதி எழுதி, ஹோஸ்ட்நேம் என்பதில் கணினிக்கு எண்ணும், ஆட்டோலாகின் என்பதில் அந்த எண்ணுக்குரிய கணக்கும் கொடுத்துவிட்டால், கணினி தானாகவே முகப்புத்திரைக்கு வந்துவிடும். இதற்காக அந்தக் கணக்குகளின் கடவுச்சொற்களை அதே கோப்பில் பேஸ்64 வடிவில் எழுத வேண்டியிருக்கிறது. அது மறையாக்கம் அல்ல, யாரும் திருப்பிப் படித்துவிடலாம். அறையின் வலைக்குள் இருக்கும் எவருக்கும் எட்டும் கோப்பில்தான் அது போய்ச் சேர்கிறது. ஆகவே அந்தக் கணக்குகளில் ஓவியங்களைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் வாசலும் இணையத்தின் பக்கம் திறந்திருக்கக் கூடாது.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கணக்கு கொடுக்கலாம். வகுப்பு எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் சேர்ந்த பயனர் பெயரும், நான்கு இலக்கக் கடவுச்சொல்லும் போதும். தான் வரைந்தது அடுத்த வாரமும் தனக்காகக் காத்திருக்கிறது என்று தெரியும்போது குழந்தைக்கு ஏற்படும் மகிழ்ச்சியை நேரில் கண்டவர்கள், தனிக் கணக்கு உருவாக்கும் உழைப்பைப் பெரிதாக எண்ணமாட்டார்கள்.

குழந்தையின் கோப்புகள் இயல்பாக எஸ்எஸ்எச்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாகச் சர்வரில் சேமிக்கப்படுகின்றன. அது மறையாக்கத்துடன் செல்வதால் மிகப் பழைய செயலிகளில் சற்றுத் தாமதம் தெரியலாம். அப்படித் தெரிந்தால் வீட்டுக் கோப்புறைகளையும் என்எஃப்எஸ் வழியே பகிரும்படி மாற்றலாம். பாதுகாப்பு அந்த அளவுக்குக் குறையும். கணினி அறை தனி வலையாக இருக்கும் தொடக்கப் பள்ளியில் நான் வேகத்தின் பக்கமே நிற்பேன்.

மென்பொருள்கள்

டெபியனில் தொடக்கப் பள்ளிக்கென்றே எஜுகேஷன்-பிரைமரிஸ்கூல் என்ற தொகுப்புப் பொதி இருக்கிறது. அதை அப்படியே நிறுவினால் பட்டியல் நீண்டுவிடும். முதல் பருவத்துக்கு மூன்று மென்பொருள்களே போதும் என்பது என் அனுபவம்.

முதலாவது ஜிகாம்ப்ரி. பிரான்சில் புரூனோ குடுவான் 2000-இல் தொடங்கிய இந்த மென்பொருள் இன்று கேடிஇ குடும்பத்தைச் சேர்ந்தது; இரண்டு முதல் பத்து வயது வரையுள்ளவர்களுக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட செயல்பாடுகளைக் கொண்டது. மவுஸைப் பிடித்துப் பழகுவதிலிருந்து கடிகாரம் பார்ப்பது, பின்னம் என்று அது வளர்ந்து செல்கிறது. வட்டு இல்லாக் கணினியில் இதற்கு மூன்று கவனிப்புகள் வேண்டும். ஒன்று, வரைகலைத் திறன் குறைந்த கணினிகளில் ஓபன்ஜிஎல் இல்லாமல் மென்பொருள் வழியாகவே வரையும்படி அதன் ரெண்டரர் அமைப்பை மாற்ற வேண்டும். சில அலங்கார அசைவுகள் மறையும், பாடம் குறையாது. இரண்டு, ஒலிக் கோப்புகளைத் தேவைப்படும்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் வழக்கம் அதற்கு உண்டு. இருபது கணக்குகளும் முதல் நாள் ஒன்றாக இறக்கத் தொடங்கினால் பள்ளியின் இணையம் மூச்சுத் திணறும். ஒரு கணக்கில் முழுவதும் இறக்கி, அந்தக் கோப்புறையை மற்றக் கணக்குகளுக்கு நகலெடுத்துவிட்டுத் தானாக இறக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். மூன்று, வகுப்புக்குப் பொருந்தாத கடின நிலைகளை அமைப்புகளில் மறைத்துவிடுங்கள். முதல் வகுப்புக் குழந்தை வழி தவறிப் பெருக்கல் கணக்கில் போய் நின்றால் அதற்கு மிஞ்சுவது பயம்தான்.

இரண்டாவது டக்ஸ் பெயின்ட். பில் கெண்ட்ரிக் 2002-இல் வெளியிட்ட இந்த ஓவிய மென்பொருளைத் தமிழிலேயே ஓட்டலாம். அதன் பொது அமைப்புக் கோப்பில் மொழியைத் தமிழ் என்று குறித்து, முழுத்திரையில் ஓடவும், வெளியேறும்போது தானாகச் சேமிக்கவும் சொல்லிவிடுங்கள். பிரின்டர் இணைந்திருந்தால் ஓர் அச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே இத்தனை நொடி என்று குறிக்கும் வசதி இருக்கிறது. அதை மறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் மை தீர்ந்துவிடும்.

மூன்றாவது டக்ஸ் மேத். மேலிருந்து விழும் கணக்குகளுக்கு விடை தட்டும் இந்த விளையாட்டு மூன்றாம் வகுப்பிலிருந்து நன்றாக எடுபடுகிறது. ஐந்தாம் வகுப்பில் நிரல் எழுதப் பழக்க விரும்பினால் கே-டர்ட்டிலைக் குறைந்த ரேமிலும் ஓட்டலாம். ஸ்கிராட்ச் 3-ஐ 4 ஜிபி கணினிகளுக்கு மட்டும் கொடுங்கள்.

தமிழுக்காகச் செய்ய வேண்டியவை: தமிழ் மொழி அமைப்பான லொகேலைச் சர்வரில் உருவாக்குவது, தமிழ் எழுத்துருப் பொதியை நிறுவுவது, தட்டச்சு பழகும் வகுப்புகளுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்ப்பது. இவை மூன்றையும் படிமம் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டிகளையும் ஒட்டிவிடுங்கள்.

ஒலி கிளையன்டிலேயே உருவாவதால் பழைய முறையில் இருந்த விட்டுவிட்டு ஒலிக்கும் தொல்லை இதில் இல்லை. ஆனால் இருபது கணினிகள் ஒரே அறையில் பேசத் தொடங்கினால் எந்தக் குழந்தைக்கும் எதுவும் கேட்காது. ஒரு கணினிக்கு இரு குழந்தைகள் அமர்ந்தால், ஒரு பிரிப்பானும் இரண்டு ஹெட்போன்களும் வாங்கிவிடுங்கள்.

ஆசிரியரின் மேசை

எபோப்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வையாளர் என்று பொருள். ஆசிரியர் தன் திரையில் எல்லாக் கணினிகளையும் சிறு படங்களாகப் பார்க்கவும், தன் திரையை அனைவருக்கும் காட்டவும், திரைகளைப் பூட்டவும், ஒரே சொடுக்கில் எல்லோருக்கும் ஒரு மென்பொருளைத் திறந்துவிடவும், மாலையில் எல்லாவற்றையும் அணைக்கவும் இது உதவுகிறது. எல்லோருக்கும் திறந்துவிடும் வசதியை முதலில் கற்றுக்கொடுங்கள். பட்டியலில் தேடத் தெரியாத குழந்தைகளுக்கு அதுவே பெரிய உதவி. சிறு படங்களைப் புதுப்பிக்கும் இடைவெளியை நீட்டித்தால் வலைச்சுமை குறையும்.

சோதனை

ஒரு கணினியை ஏற்றிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவுகட்டக் கூடாது. பாடவேளையின் மிக மோசமான நிமிடத்தை முன்கூட்டியே நடத்திப் பார்க்க வேண்டும். பள்ளி விட்ட பிறகு இருபது கணினிகளையும் ஒரே நேரத்தில் ஏற்றி, முகப்புத்திரை வர ஆகும் நேரத்தைக் கடைசிக் கணினி வரை குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எபோப்டிஸிலிருந்து எல்லாவற்றிலும் ஜிகாம்ப்ரியைத் திறவுங்கள். ஒரு கணினி மட்டும் பின்தங்கினால் ஐபெர்ஃப்3 கொண்டு அதன் கேபிளின் வேகத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் முனை சரியாக நெரிக்கப்படாத கேபிளே காரணமாக இருக்கும். எல்லாமே பின்தங்கினால் ஃப்ளோ கன்ட்ரோலையும் சர்வர் இணைந்திருக்கும் ஸ்விட்ச் வாசலின் வேகத்தையும் பாருங்கள்.

பராமரிப்பு

பருவம் தொடங்கும் முன் ஒரு படிமம் எடுத்து, பருவம் முடியும் வரை அதையே வைத்திருங்கள். ‘எல்டிஎஸ்பி இமேஜ்’ கட்டளை புதிய படிமம் எடுக்கும்போது பழையதை ஓல்ட் என்ற பின்னொட்டுடன் பாதுகாத்து வைக்கிறது. புதியதில் கோளாறு தெரிந்தால் பெயரை மாற்றிப் பழையதை மீட்டுவிடலாம். இரண்டு படிமங்களுக்கும் எஸ்எஸ்டியில் இடம் இருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வர் ஒன்றே ஒன்று என்பதால் அது பழுதானால் அறை முழுவதும் நின்றுவிடும். படிமக் கோப்பு, அமைப்புக் கோப்பு, பயனர்களின் வீட்டுக் கோப்புறைகள் ஆகிய மூன்றையும் வாரம் ஒரு முறை வெளி வட்டுக்கு ஆர்சிங்க் மூலம் நகலெடுங்கள். அந்த வட்டைச் சர்வரிலேயே செருகி வைத்திருக்காமல் பீரோவில் பூட்டி வையுங்கள்.

ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடித்துச் செல்லும் குழந்தைகளின் கணக்குகளை நீக்குவதற்கு முன், டக்ஸ் பெயின்ட் ஓவியங்களை அவர்களின் வீட்டுக் கோப்புறைகளிலிருந்து எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒன்றையாவது அச்சிட்டுக் கொடுங்கள். மற்ற வகுப்புகளின் கணக்குகளைப் புதிய வகுப்பு எண்ணுக்கு மாற்றியதும், ‘எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி’ கட்டளையை மறக்காமல் இயக்குங்கள்.